கார் வந்தால் பள்ளிக்கூடம்

ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. சாலையோரம் பள்ளிக்கூடம். அதன் பின்னால் ஓர் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயங்கள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஓடைக்குத்தான் வரும். வெயில் காலத்தில் கணுக்கால்கூட நனையாது. ஆண்டுக் கடைசி மழையில் இடுப்புக்கு மேல் ஏறிவிடும். அதன்மேல் போட்டிருந்த மரத்துண்டுகளைத்தான் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்று முடிவு செய்வது தலைமையாசிரியர் ஒருவர்தான். ஈப்போவிலிருந்து காரில் வருவார். செம்மண்ணில் சக்கரம் புதையும் என்று தோன்றினால் வரமாட்டார், அன்றைக்கு லீவு. சாலை கெட்டியாக இருந்தால் பள்ளிக்கூடம் உண்டு. ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வந்து அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. எங்களுக்கு யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். லயத்து மேட்டில் நின்று சாலையைப் பார்ப்போம். நீல நிறக் கார் தெரிந்தால் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வராத பிள்ளைக்கு மறுநாள் பிரம்படி.

நான் ஆறாம் வகுப்பு. என் தங்கை ஒன்றாம் வகுப்பு. அந்த வாரம் ஒருநாள் ஓடை பெருகியதால் நாங்கள் போகவில்லை. மறுநாள் எனக்கு உள்ளங்கையில் பிரம்படி விழுந்தது. தங்கைக்கு எச்சரிக்கை மட்டும். “அடுத்த தடவை ரெண்டு பேருக்கும் சேத்துக் கெடைக்கும்” என்றார் தலைமையாசிரியர்.

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. இரவெல்லாம் தூரத்தில் குட்டைகள் பக்கம் மட்டும் மழை. விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. எங்கள் பக்கம் மழை இல்லாததால் அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவப் போய்விட்டார்கள். சாலை காய்ந்து கிடந்தது. கார் வந்தது. ஓடை மட்டும் காவி நிறத்தில் பாலத்தை மூடிக்கொண்டு போனது.

“அக்கா, பாலம் தெரியல” என்றாள் தங்கை.

“எனக்குத் தெரியும். என் கையப் பிடிச்சுக்க” என்றேன். எங்கே மரம் இருக்கிறது என்று காலால் தடவித் தடவிப் போனேன். நடுவில் அவள் கால் நழுவியது. கை விட்டுப் போய்விட்டது. நான் பிடித்தது அவள் சடையை. சடையைப் பிடித்து இழுத்துத்தான் அவளைக் கரையில் போட்டேன். அவளுடைய பையும் ஒரு காலணியும் தண்ணீரோடு போய்விட்டன. அவளுக்கு அழக்கூட வரவில்லை. சேற்றுத் தண்ணீரைக் கக்கிவிட்டு, “வீட்டுக்குப் போலாம்க்கா” என்றாள். திரும்பிப் போக வேண்டுமென்றால் மறுபடி அதே ஓடையைத்தான் தாண்ட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் போனோம்.

தலைமையாசிரியர் வகுப்பறைகளுக்கு முன்னாலிருந்த நடையில் நின்றிருந்தார்.

“ஏன் லேட்டு? பை எங்க?”

அவர் கேட்டது தங்கையிடம். அவளுக்குப் பல் அடித்துக்கொண்டிருந்ததால் வாய் திறக்க முடியவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். “உன்னக் கேக்கல” என்றார். மறுபடி அவளைக் கேட்டார். அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். ஓங்கி ஓர் அறை விட்டார். இடது காதோடு சேர்ந்து விழுந்த அறை. அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

வகுப்பறைத் தரைக்குப் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தார்கள். ஈரம் உள்ளே வரக்கூடாது என்று இருவரையும் நடையிலேயே நிற்க வைத்தார். ஓர் ஆசிரியை துவாலை எடுத்துக்கொண்டு வந்தார். “டீச்சர், உங்க வகுப்பப் போய்ப் பாருங்க” என்றார் தலைமையாசிரியர். ஆசிரியை துவாலையோடு திரும்பிப் போனார். ஓய்வு மணி அடிக்கும்வரை நின்றோம்.

அன்று சாயங்காலம் தங்கைக்குக் காய்ச்சல். காதிலிருந்து முதலில் இரத்தமும், பிறகு சீழும் வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். சீழ் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, அந்தக் காது இனிமேல் சரியாகக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே அப்பா தலைமையாசிரியரைப் பார்க்கப் போனார். தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன். அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

தலைமையாசிரியர் உட்காரச் சொல்லவில்லை. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சார், சின்னதுக்குக் காது கேக்காதுன்னு சொல்றாங்க.”

“காதுல தண்ணி போனா அப்படித்தான் இருக்கும். பிள்ளைய ஓடையில விளையாட விட்டுட்டு என்கிட்ட வந்து நின்னா எப்படி?”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த வருடம்தான் ஆறாம் வகுப்பை முடிக்க வேண்டும். தலைமையாசிரியர் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். அது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

“சரிங்க சார். பெரியவளப் பாத்துக்குங்க. ரொம்ப நன்றிங்க சார்” என்றார் அப்பா. கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் எனக்குள் தங்கியது. அறையைவிட, பிரம்படியைவிட அதுதான். அதன்பிறகு ஈப்போவில் இடைநிலைப் பள்ளிக்குப் பேருந்தில் போய்வந்த வருடங்களில், பாடம் மனப்பாடம் செய்வதைப்போல அவருக்குச் சொல்ல வேண்டியதை நான் மனப்பாடம் செய்தேன். தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை. மன்னித்துவிடு என்று அம்மா சொல்வாள். மன்னிக்கும்படி அவர் கேட்கவே இல்லையே என்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் பள்ளிகளை மேற்பார்வையிடும் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை, எழுத்தர் வேலை, கிடைத்தது. மழைக்காலத்தில் காலை நேரத் தொலைபேசியை எடுப்பது என் பொறுப்பு. வெள்ளம் வந்தால் தலைமையாசிரியர்கள் கூப்பிடுவார்கள். தண்ணீர் எவ்வளவு, பிள்ளைகள் எந்த வழியாக வருகிறார்கள், ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைகள் உண்டா என்று கேட்டு அதிகாரியிடம் சொல்ல வேண்டும். அவர் மலாய்க்காரர், நிதானமானவர். பிள்ளைகளுக்கு உடனே விடுமுறை கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு விதி வைத்திருந்தார். விஷயம் தெரியாமல் வந்து நிற்கும் பிள்ளையைத் தனியே திருப்பி அனுப்பக்கூடாது. பள்ளியில் ஒருவர் இருந்து, பெற்றோர் கையில் ஒப்படைக்க வேண்டும். யார் இருப்பது என்பதைத் தலைமையாசிரியரோடு பேசி முடிவு செய்வது என் வேலை. பெரும்பாலும் பக்கத்தில் குடியிருக்கும் ஆசிரியர் யாரையாவது சொல்லிவிடுவேன்.

நாலைந்து வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் காலை அந்தக் குரல் வந்தது. பெயரும் பள்ளியும் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் பழைய தலைமையாசிரியர் வேறொரு தோட்டப் பள்ளிக்கு மாறிப் போயிருந்தார்.

“தோட்டத்துல பாஞ்சிர், ஒரே வெள்ளம். இன்னிக்கு மூடணும். என் கார் அந்தப் பக்கம் போகாது லா.”

“நீங்க எங்கேருந்து பேசுறீங்க சார்?”

“வீட்லேருந்துதான்.”

“தண்ணி எவ்வளவுன்னு பாத்தீங்களா?”

“ஒரு வாத்தியார் போன் பண்ணிச் சொன்னாரு.”

“பிள்ளைங்க யாராவது வந்துட்டாங்களா?”

“வந்தா திரும்பிப் போய்டுவாங்க லா. அவங்களுக்குத் தெரியாதா?”

அதிகாரியிடம் போய்ப் பள்ளியை மூட அனுமதி வாங்கினேன். பிள்ளைகள் விஷயத்தில் ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. பிறகு அவரிடம் சொன்னேன்.

“பிள்ளைங்களுக்கு லீவு சார். ஆனா பள்ளியில ஒருத்தர் இருக்கணும். நீங்களே போயிடுங்க.”

“அந்த வாத்தியார் அங்கதானே இருக்காரு?”

“அவரு லயத்துல போய்ச் சொல்லணும். பள்ளியில தலைமையாசிரியர் இருக்கட்டும்.”

“கார் போகாதுன்னு சொன்னேனே மா.”

“தார்ச் சாலை வரைக்கும் கார்ல போங்க. அதுக்கப்புறம் நடந்து போங்க. பிள்ளைங்க அப்படித்தானே வராங்க. போய்ச் சேந்ததும் தோட்டத்து ஆபீஸ்லேருந்து எனக்குப் போன் பண்ணுங்க.”

“சரி” என்றார்.

போன் வரும்வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. “வந்துட்டேன்” என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு முதல் சம்பளத்தில்கூட வந்ததில்லை.

மதியம் வெள்ளம் வந்த பள்ளிகளைப் பார்க்க அதிகாரி லேண்ட்ரோவரில் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். தமிழ் பேச ஆள் வேண்டும் என்பதால் அவரும் சரி என்றார்.

தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்து நடையில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை தொடைவரை சேறு. சப்பாத்துகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். முடி நரைத்து, உடம்பு இளைத்திருந்தது. எதிரே அவருக்குப் போன் செய்த ஆசிரியரும், பிள்ளையைத் தேடி வந்த இரண்டொரு பெற்றோரும் நின்றிருந்தார்கள். அதிகாரி கட்டடத்தின் பின்பக்கம் தண்ணீரைப் பார்க்கப் போனார்.

“நான் வீட்டுக்குப் போலாமா மா? உடம்பு நடுங்குது” என்றார் தலைமையாசிரியர் என்னிடம்.

“இன்னும் ஒரு பிள்ளை வந்தாலும் வரும். இருங்க சார்.”

இருந்தார். அப்போதுதான் நான் யார் என்று சொன்னேன். தோட்டத்தின் பெயர், வருடம், ஓடை, தங்கை, காது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஞாபகம் வரும் என்று காத்திருந்தேன்.

“எந்தப் பிள்ளைன்னு தெரியல மா. எத்தனையோ பிள்ளைங்க. அந்தக் காலத்துல எல்லாரும்தான் அடிச்சாங்க.”

மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் எனக்கு மறந்துபோனது. வாயில் வந்தது வேறு.

“எங்கப்பா உங்களுக்கு நன்றி சொன்னாரு சார். கும்பிட்டாரு. அது உங்களுக்குச் சேர வேண்டியது இல்ல. அத நான் திரும்ப வாங்கிக்கிறேன். இவங்க எல்லார் முன்னாலயும் வாங்கிக்கிறேன்.”

பெற்றோர்களில் ஓர் அம்மா தன் மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தலைமையாசிரியர் சப்பாத்தைக் கையில் எடுத்தார். திரும்பக் கீழே வைத்தார். “என்னா செய்யச் சொல்ற?” என்றார்.

“ஒண்ணும் வேணாம். சாயங்காலம் வரைக்கும் இருங்க.”

அதிகாரி திரும்பி வந்து எல்லாம் சரியா என்று கேட்டார். சரி, தலைமையாசிரியர் பள்ளி நேரம் முடியும்வரை இருந்து பார்த்துக்கொள்கிறார் என்று மலாயில் சொன்னேன். அதிகாரி அவர் தோளைத் தட்டிப் பாராட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவர் நின்ற நிலையை நான் வண்டி திரும்பும்வரை பார்த்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. “வயசான மனுஷன வெள்ளத்துல நடக்க வச்சியா? நான் சொன்ன நன்றிய எடுக்க நீ யாரு?” என்றார். பல நாட்கள் என்னோடு பேசவில்லை. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. என் மனதும் மாறவில்லை. இன்றுவரை மாறவில்லை.

தங்கை அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் துணி தைத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். வழக்கம்போல அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். தண்ணீர் அவருக்கு எதுவரை இருந்தது, உண்மையாகவே நடுங்கினாரா, பல் அடித்துக்கொண்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நடுங்கினார் என்றேன். பல்லை நான் கவனிக்கவில்லை என்றேன்.

“அதப் பாக்காம என்னாத்துக்குக்கா போன?” என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, “என்னையும் கூப்பிட்டிருக்கலாம்ல. லீவு போட்டுட்டு வந்திருப்பேன்” என்றாள்.