எவால்ட் மூடிய அண்டா

எவால்ட் பிரிங்கர் இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி பிடித்ததைவிட அகப்பை பிடித்ததுதான் அதிகம். ஜெர்மன் காலாட்படை டிவிஷன் ஒன்றின் சமையல் வண்டி அவர் பொறுப்பில் இருந்தது. போர் முடிந்தும் அது அவரை விடவில்லை. பழைய படைக்காரர்கள் ஆண்டுதோறும் ஊர் விடுதியில் கூடும்போது, அதே சக்கர அடுப்பில் அவர்தான் பட்டாணி சூப் வைக்கவேண்டும்.

இந்த ஆண்டு அவருக்கு வயிறு எரிந்தது. கேப்டன் லூடக்கே டிவிஷனின் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். சாப்பாட்டுக்கு முன் எழுந்து வாசிக்கவும் செய்தார்: "பின்வாங்கியபோது காயம்பட்ட ஒருவரைக்கூட நாம் விட்டுவிட்டு வரவில்லை." எல்லோரும் கைதட்டினார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

கிண்ணம் அடுக்கிக்கொண்டிருந்த தங்கை ட்ரூடாவை எவால்ட் பார்த்தார். அவள் புருஷன் வில்லெம் ருஷ்யாவில் காலில் குண்டு பட்டவன். நடந்ததை அவர் சொல்ல வாயெடுத்தாலே அவள் காதைப் பொத்திக்கொள்வாள். "உன் அண்ணன் குடிச்சிட்டு உளர்றான். வில்லெமை ஆம்புலன்ஸ்ல அனுப்பியாச்சு, வழியில ருஷ்யாக்காரங்க பிடிச்சிருப்பாங்க, சிறையிலேருந்து வந்துடுவான்" என்று கேப்டன் சொன்னதுதான் அவளுக்கு வேதம். கேப்டன் வீட்டிலேயே வேலை செய்தாள். கைதிகள் திரும்பிய கடைசி ரயிலும் வந்துவிட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

எவால்ட் அண்டாவைப் படாரென்று மூடினார்.

"அந்த வரியை அடிங்க. அப்புறம்தான் சூப்."

"பசிக்குதுடா எவால்ட்! தின்னுட்டுக் கத்தலாம்" என்று யாரோ சிரித்தார்.

"என் வண்டியிலதான்டா வில்லெம் படுத்திருந்தான்! துப்பாக்கியைக் காட்டி இறக்கச் சொன்னீங்களே கேப்டன், மறந்துபோச்சா? அவனை அங்கிருந்த பள்ளிக்கூடத் தரையில போட்டுட்டு, அந்த எடத்துல ஒரு அலமாரியை ஏத்தினீங்க!"

"பொய்! ஏத்தினது வெடிமருந்து." லூடக்கேயின் கழுத்து சிவந்தது.

"வெடிமருந்துக்குக் கண்ணாடிக் கதவு இருக்குமாய்யா? மேல செதுக்கின திராட்சைக் கொத்து இருக்குமா? என் அடுப்புல இடிச்சு அதுல ஒரு பழம் உடைஞ்சுது. கண்ணால பார்த்தேன்!"

ட்ரூடாவின் கையிலிருந்த கிண்ணங்கள் தரையில் விழுந்து நொறுங்கின. அவள் நேராகக் கேப்டனிடம் போனாள்.

"உங்க வீட்டு அலமாரி மாமனார் வீட்டுச் சீருன்னுதானே சொன்னீங்க?"

கேப்டன் புத்தகத்தைப் புரட்டினார். ட்ரூடா ஏப்ரனை அவிழ்த்து அதன்மேல் எறிந்தாள்.

"சனிக்கிழமை தவறாம மெழுகு போட்டுத் தேய்ச்சேனே, பாவி! அந்த உடைஞ்ச பழத்துல துணி மாட்டும்போதெல்லாம் என் கையைத்தானே திட்டிக்கிட்டேன்!"