தொப்பைக்கு இடமில்லாத கார்

எட்டாவதோடு படிப்பை விட்டேன். லாரி கிளீனராகவும் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவியும் பல ஊர் சுற்றிவிட்டு, கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு ஃபைபர் பட்டறையில் ஒதுங்கினேன். தி.நகர் துணிக்கடைகளில் சேலை கட்டி நிற்கும் பொம்மைகளை அங்கே செய்தார்கள். முதலாளியை பாய் என்றுதான் கூப்பிடுவோம். படுக்கை பொம்மைகளுக்கு நடுவில். பகலில் டீயும் பன்னும். அது எனக்குப் பழகியிருந்தது.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். அவள் வரைந்திருந்த கார் அவரைக்காய் மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, மொபெட் எஞ்சின். ஓட்டுகிறவர் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும்.

"இன்னும் கொஞ்ச வருஷத்துல எல்லாரும் இதுலதான் ஆபீஸ் போவாங்க, பாய்."

"படுத்துக்கினே ஆபீஸ் போறதா? இப்பவே பாதிப் பேரு அங்க போய்தான் தூங்குறான்" என்றார் பாய். ஆனால் வேலையை ஒப்புக்கொண்டார்.

ஒரு சின்ன பாட்டில் பெட்ரோலில் கல்லூரி மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றினால்தான் காரை வெளியூர்ப் போட்டிக்கு அனுப்புவார்களாம். அவளுக்கு அது கடைசி வருஷம். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

ஓட்டுவதற்கு எடை குறைவான ஆள் வேண்டும் என்றாள். பாய் என்னைக் காட்டினார். "இவன இன்ஜினே இல்லாம காத்தே தள்ளிக்கினு பூடும்."

என்னைப் படுக்க வைத்து, என் உடம்பை ஒட்டியே மேல்மூடிக்கு அச்சு எடுத்தார். காற்று தடுக்காமல் இருக்க ஒரு விரல் இடம்கூட விடவில்லை. பொம்மைக்கு அளவெடுத்துப் பழகிய கை அது. பொம்மை எங்கே சாப்பிடப்போகிறது?

நான் சாப்பிட்டேன். அவளுடைய அம்மா அடையாறில் பாட்டு வகுப்பு முடித்துவிட்டுத் தினமும் ஸ்கூட்டரில் சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். மகளுக்குக் கொண்டுவந்தது எங்களுக்கும் சேர்த்துத்தான் இருக்கும். "வெறும் வயத்தோட ஒருத்தர் வேலை பாக்கறதைப் பாத்துண்டு என்னால நிக்க முடியாது" என்பார். வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு கறி, கட்டித் தயிர். வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. வேலை முடிய இரண்டு மாதம் ஆனது.

மைதானச் சோதனைக்கு முதல் நாள் படுத்துப் பார்த்தேன். மூடி மூடவில்லை. பாய் அழுத்தினார். நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். மூடியது. மூச்சை விட்டதும் திறந்துகொண்டது.

"இன்னா நைனா, பொம்மைக்குத் தொப்பை வந்துக்கீது" என்றார் பாய். சிரிக்க முயன்றார், முடியவில்லை. அம்மா கேரியரை மெதுவாக ஸ்கூட்டருக்குப் பின்னால் மறைத்து வைத்தார்.

எழுந்து நின்று சொன்னேன்: "பக்கத்துப் பட்டறை வெல்டர் ஒல்லியா இருப்பார். அவரைக் கேக்கலாம்மா." எந்த இடத்திலும் என் இடத்துக்கு இன்னொருவர் வருவது எனக்குப் புதிதில்லை.

அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவரும் சாப்பிடுவார் இல்ல, அண்ணா?" என்றாள். "பாய், மூடியை நடுவுல வெட்டுங்க."

"வெட்டுனா மேடு ஒண்ணு கட்டணும். காத்து அதுல மோதும். பெட்ரோல் பத்தாது, பாப்பா."

"தெரியும். வெட்டுங்க."

பாய் வெட்டினார். வயிற்றுக்கு மேலே ஃபைபரில் ஒரு மேடு கட்டி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கினார். அவரைக்காய் இப்போது ஒட்டகம் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை மைதானத்தில் ஒன்பது சுற்று ஒழுங்காகப் போனது. பத்தாவதில் பாதி தாண்டியதும் எஞ்சின் இருமி நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. உள்ளே ஒரே அமைதி, சக்கரத்துக்கடியில் மண் நெரிபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோகாமல் அசையாமல் கிடந்தேன். எடையில்லாத வண்டி, தானாக உருண்டது. நடக்கிறவர் முந்திப்போகிற வேகத்துக்கு வந்த பிறகும் நிற்காமல், சுண்ணாம்புக் கோட்டை முன்சக்கரம் தாண்டியபின்தான் நின்றது.

சோதனை நடத்திய கல்லூரி ஆசிரியர் குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு மேட்டைத் தட்டினார். "இது எதுக்கு?"

"ஓட்டுறவருக்கு வயிறு இருக்கு, சார்" என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அனுப்பலாம்" என்றார்.

மரத்தடியில் அம்மா கேரியரைத் திறந்தார். என் தட்டில் கொஞ்சமாகத்தான் வைத்தார். கரண்டி சாதத்துக்கு மேலேயே நின்றது. நானும் கேட்கவில்லை.

பாய் பார்த்துக்கொண்டிருந்தார். "போடும்மா" என்றார். "மேடு இன்னும் கொஞ்சம் தாங்கும்."