அரக்கு வைத்த ரகசியம்

என் மேற்பார்வையாளரிடம் ஓர் அரக்குக் குச்சியும் பித்தளை முத்திரையும் இருந்தன. மூளைதான் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம் நிரந்தரம் என்றார்கள். ஐந்தாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. மதுராந்தகத்திலிருந்து தினமும் பஸ் மாறி மாறி வந்துகொண்டிருந்த எனக்கு அந்த நிரந்தரம்தான் உயிர்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. ஆனால் புது அட்டவணையில் என்னைத் தனியாகத் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டார்கள். எல்லாம் மார்பளவு கடல் தண்ணீர் நிற்கிற தொட்டிகள். உள்ளே விழுந்தால் தூக்க ஆள் கிடையாது. வேறு வழியில்லாமல் மேற்பார்வையாளரிடம் மட்டும் சொன்னேன்.

"சார், இது உங்களோட இருக்கட்டும்."

"என்னம்மா பேசற? என் பொண்டாட்டிகிட்டயே ஆபீஸ் விஷயத்தைச் சொல்லாதவன் நான். எழுதிக் குடு, ரகசியமா தலைமை ஆபீசுக்கு அனுப்பிடறேன்."

எழுதிக் கொடுத்தேன், முட்டாள். பூஜைக்கு உட்கார்ந்தவர் மாதிரி மெழுகுவத்தி ஏற்றி, உறையின் மடிப்பில் ஐந்து இடத்தில் அரக்கை உருக்கிச் சொட்டி, முத்திரை குத்தி, சிவப்பு மையில் 'மிக ரகசியம்' என்று எழுதினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

உறையோடு தபால் நோட்டும் போகும். உறையை வாங்கும் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த நோட்டில் 'பொருள்' என்று ஒரு கட்டம். கட்டத்தைக் காலியாக விட்டால் இந்த மனுஷருக்குத் தூக்கம் வராது. என் பெயரை முழுதாகப் போட்டு, முத்து முத்தான எழுத்தில், 'வலிப்பு நோய் தொடர்பாக, மிக ரகசியம்' என்று நிரப்பியிருந்தார். வாட்ச்மேன் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டோர்காரர் போட்டார். வேன் டிரைவரும் போட்டார். செங்கல்பட்டுத் தலைமை ஆபீசில் உறையைப் பிரிப்பதற்குள் பண்ணை முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை டிரைவர் என் மேசையில் ஒரு சாவிக்கொத்தை வைத்தார்.

"வச்சிக்கோக்கா. வந்துச்சினா கைல புடிச்சிக்கோ. ஸ்டோர்ல இன்னொண்ணு கீது."

அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமான அக்கறை. அதுதான் இன்னும் எரிந்தது.

நோட்டைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் ஓடினேன். "இன்னா சார் இது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உறையை யாராவது பிரிச்சாங்களா, சொல்லு. அரக்கு உடைஞ்சுதா?"

உடையவில்லைதான். இந்த ஜன்மத்திடம் என்ன பேசுவது?

மாதக் கடைசியில் என்னை நிறுத்திவிட்டார்கள். கிளம்பும்போது அவர் ஒரு சான்றிதழைக் கையில் திணித்தார். அடுத்த வேலைக்கு உதவுமாம். அதற்கும் அரக்கு. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் பிரித்துப் படித்தேன். 'நல்ல உழைப்பாளி. பணியிலிருந்து நிறுத்தப்பட்ட காரணம் ரகசியமானது என்பதால் தெரிவிக்க இயலாது.' தூ! இதைப் படிப்பவன் நான் எதைத் திருடினேன் என்றுதானே யோசிப்பான்?

அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போன இடத்தில், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே, "எனக்கு வலிப்பு உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் பதறி எழுந்து கதவைச் சாத்தப் போனார்.

"திறந்தே இருக்கட்டும் சார்" என்றேன்.