மேல் வளைவில் ஹாரன்

என் வீட்டுக்காரர் கருணாகரனுக்கு இரண்டு வண்டிகள். ஒன்று எங்களுக்குச் சோறு போடுகிறது, இன்னொன்று அந்தச் சோற்றில் பாதியைத் தின்கிறது. சோறு போடுவது பள்ளிக்கூட வேன். தின்பது ஒரு பழைய ஹோண்டா சிட்டி, 2002 மாடல், விடெக் என்ஜின். அந்தப் பேரை அவர் சொல்லும்போது குலதெய்வத்தின் பேரைச் சொல்வது போலக் குரல் இறங்கும்.

எங்கள் வீடு அரவேணுவில், ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. தலைக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு. விடிந்ததும் இவர் வேனை எடுத்துக்கொண்டு கீழே எஸ்டேட் லைனுக்கு, தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புக்குப் போவார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்ப மேலே வந்து, இந்த வளைவைத் தாண்டிக் கோத்தகிரிக்குப் போவார். வளைவுக்கு முன்னால் ஹாரனை இரண்டு தரம் அடிப்பார். நான் ஜன்னலோரம் தையல் மெஷினில் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருப்பேன். வேன் சத்தம் வந்ததும் கால் தானாக நின்றுவிடும். ஹாரன் கேட்டபிறகுதான் மிதிப்பேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். டிரைவரைக் கட்டிக்கொண்டவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று என் அம்மா அப்போதே சொன்னாள். நான் கேட்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக இருந்தார், என்ன செய்வது.

சும்மா சொல்லக்கூடாது, மலையில் அவரைப் போல நிதானமாக ஓட்டுகிறவர் கிடையாது. ஏறுகிற வண்டிக்கு ஒதுங்கி நிற்பார். நடுக்கோட்டை ஒரு நாளும் தாண்டமாட்டார். வளைவு என்று ஒன்று இருந்தால் ஹாரன் அடிக்காமல் திரும்பமாட்டார். மனுஷனுக்கு வேறு கெட்ட பழக்கமும் கிடையாது. அதனால்தான் அந்தக் கார் வந்தபோது நான் பெரிதாகச் சண்டை போடவில்லை.

குன்னூரில் யாரோ ஒரு எஸ்டேட் மேனேஜர் ஊரை விட்டுப் போகும்போது விட்டுவிட்டுப் போன கார் அது. தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்ததை டக்ளஸ்தான் கண்டுபிடித்தான். டக்ளஸ் குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். இவரை அண்ணா என்பான், என்னை அக்கா என்பான், என் கையால் நாலு தோசை தின்றுவிட்டு என் குடியைக் கெடுப்பான். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரை என்னவெல்லாமோ செய்தார்கள். பின் சீட்டைக் கழற்றினார்கள். ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினார்கள். அதன் பிறகு எங்கள் வாசல் ஏற்றத்தில் அடி இடிக்காமல் அது ஏறியதே இல்லை. பிரேக்கை மாற்றினார்கள், டயரை மாற்றினார்கள், சைலன்சரை மாற்றினார்கள். கடைசியாக, ரேஸ் காரில் இருப்பது போல ஒரு சின்ன ஸ்டியரிங்கை எங்கிருந்தோ வாங்கி மாட்டினார்கள். அதில் ஹாரன் இல்லை.

"ஹாரன் இல்லாம மலையில எப்படீங்க ஓட்டுவீங்க?" என்றேன்.

"அதெல்லாம் பண்ணியாச்சுக்கா," என்றான் டக்ளஸ். கியருக்கு மேலே, டேஷ்போர்டில், ஒரு காலிங்பெல் சுவிட்சைப் பதித்திருந்தான். இடது கைக் கட்டைவிரல் பட்டால் போதும், ஹாரன் அடிக்கும். வீட்டு வாசலில் வைக்கிற அதே வெள்ளை சுவிட்ச், அதில் மணி படம் வேறு. நான் சிரித்துவிட்டேன்.

தினமும் வேனை நிறுத்திவிட்டு, டீ குடித்த கையோடு காரை எடுப்பார். குன்னூர் ரோட்டில் போய்வருவார். என்ஜினை முறுக்கும்போது ஒரு கட்டத்தில் சத்தமே மாறும், உறுமல் போய் ஓர் அலறல் வரும். தேயிலைக் காட்டைத் தாண்டி அது என் சமையலறைக்குக் கேட்கும். திரும்பி வரும்போது முகம் பத்து வயது குறைந்திருக்கும். அந்த முகத்துக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் டிராக் ஒன்று இருக்கிறது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து ஓட்டலாம். முதல் தடவை நானும் போனேன். தகிக்கிற வெயில், ரப்பர் கருகுகிற வாடை, ஹெல்மெட் போட்ட பையன்கள். புதுசாக வந்தவர்களைத் தனிக் கூட்டமாக விட்டார்கள். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருதமலை முருகனிலிருந்து எங்கள் ஊர் மாரியம்மன் வரை ஒருத்தரையும் விடவில்லை.

அவர் கார் முதல் வளைவுக்கு வந்தது. பாம், பாம் என்று ஹாரன் அடித்தது.

வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வளைவிலும் அடித்தார், மூன்றாவதிலும் அடித்தார். போதாததற்கு ரோட்டின் இடது ஓரத்தை விட்டு அசையவில்லை. பின்னால் ஒரு கார் வந்தால் உடனே ஒதுங்கி, கையை வெளியே நீட்டிப் போகச் சொன்னார். அரவேணு வேன் டிரைவர் அச்சு அசலாக டிராக்கில் போய்க்கொண்டிருந்தார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவர் ஒருத்தர் இவரிடம் வந்து, "சார், எதிர்ல யாரும் வரமாட்டாங்க. மொத்த ரோடும் உங்களுக்குத்தான். ஹாரனே வேண்டாம்," என்றார்.

"தெரியுதுங்க," என்றார் இவர், ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "கை கேக்க மாட்டேங்குது."

அன்றைக்கு அவருக்கு 'கவர்ன்மென்ட் பஸ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். வரும் வழியில் டீக்குக்கூட அவர் காரை நிறுத்தவில்லை. மனுஷனுக்கு ரோஷம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

அடுத்த தடவை டக்ளஸோடு போனார். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். அந்த மூன்றாம் தடவை, திரும்பி வந்ததும் வீட்டு வாசலிலேயே நின்று, "இன்னிக்கு ஒரு வளைவுல கூட ஹாரன் அடிக்கல அம்மிணி," என்றார். வளைவுக்கு வெளியோரத்திலிருந்து வந்து உள்ளோரத்தைத் தொட்டு மறுபடி வெளியோரத்துக்குப் போவதைச் சாப்பிடும்போது தட்டில் விரலால் வரைந்து காட்டினார். பஸ் என்று சிரித்த பையன்களில் பாதிப்பேர் இவருக்குப் பின்னால்தானாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மெஷினில் உட்கார்ந்திருந்தேன். வேன் ஏறி வருகிற சத்தம் கேட்டது. கால் நின்றது. என்ஜின் சத்தம் தலைக்கு மேலே வந்தது, வளைவில் திரும்பியது, மேலே போய்விட்டது.

ஹாரன் கேட்கவில்லை.

படியேறி ரோட்டுக்கு ஓடினேன். பனிமூட்டத்துக்குள் வேனின் பின்பக்கம் மஞ்சளாக மறைந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஆகவில்லைதான். ஓட்டும்போது அவர் போனை எடுக்கமாட்டார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்து அவரே கூப்பிடும்வரை நான் நானாக இல்லை.

"ஏனுங்க, மேல வளைவுல ஹாரன் அடிக்காமப் போயிட்டீங்க?"

"அடிச்சனே. ரெண்டு தரம் அடிச்சேன். உனக்குக் காது போச்சு."

"என் காதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"காலங்காத்தால ஆரம்பிக்காத அம்மிணி," என்று வைத்துவிட்டார்.

சாயந்திரம் வரும்போது ஊரே எழுந்து வருகிற மாதிரி ஹாரனை அடித்துக்கொண்டு வந்தார். "கேட்டுச்சா?" என்று நக்கல் வேறு. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் தவறாமல் கேட்ட சத்தம், ஒரு நாள் மட்டும் எப்படிக் கேட்காமல் போகும்?

காலையில், தைத்த யூனிஃபார்மைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டேன். நான் முன் சீட்டில். லைனில் பிள்ளைகள் ஏறினார்கள். கொழுந்து பறிக்கிற செல்வியின் மகள் வர்ஷா எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, என் சடையை எண்ணெய் வழிகிறது என்று கிண்டல் செய்துகொண்டிருந்தாள். எங்கள் வீட்டு வளைவில் ஹாரன் அடித்தார். என்னைப் பார்த்து ஒரு பார்வையும் பார்த்தார். அதற்கப்புறம் யாரோ ஒரு பையன் டிபனில் என்ன என்று பேச்சை ஆரம்பித்தான், இவரும் சேர்ந்துகொண்டார். அடுத்த வளைவு வந்தது.

வேனின் டேஷ்போர்டில், காரில் காலிங்பெல் சுவிட்ச் இருக்கிற அதே இடத்தில், ஒரு சின்னப் பிள்ளையார் ஒட்டியிருக்கும். பேசிக்கொண்டே இவர் இடது கையை நீட்டிக் கட்டைவிரலால் அந்தப் பிள்ளையாரின் தொப்பையை இரண்டு தரம் அழுத்தினார். அழுத்திவிட்டு வேனைத் திருப்பினார். திருப்பும்போது வண்டி நடுக்கோட்டுக்கு அந்தப்பக்கம் சாய்ந்து போயிற்று.

எதிரே பஸ்ஸின் மூக்கு.

நான் கத்தினேனா இல்லையா என்று தெரியாது. பிரேக் போட்ட வேகத்தில் பிள்ளைகள் எல்லாம் சரிந்து விழுந்தார்கள். வேனுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. வர்ஷாவின் வாய் என் சீட்டுக் கம்பியில் மோதி உதடு கிழிந்திருந்தது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. நான் தைத்த சட்டை.

பஸ் டிரைவர் இறங்கி வந்தார். "புள்ளைங்க வண்டிய ஓட்டிட்டு, வளைவுல ஒரு ஹாரன் அடிக்க மாட்டியாய்யா?"

"அடிச்சேனுங்க," என்றார் இவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கட்டைவிரல் இன்னும் பிள்ளையார் மேலேயே இருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்லக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று சாயந்திரம் அவர் லைனுக்குப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நடந்ததைச் சொன்னார். பிரேக் சரியில்லை, பனி மறைத்தது என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார், டிராக், காலிங்பெல் சுவிட்ச் எல்லாவற்றையும் சொல்லி, "என் கையை நம்பி இப்போதைக்கு அனுப்பாதீங்க," என்றார். கூடப் போன நான் வெட்கத்தில் தலையே நிமிர்த்தவில்லை. ஆனால் அந்த மனுஷன்மேல் மரியாதையும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

செல்வி மகளின் வீங்கிய உதட்டைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லவருதாண்ணே. இருந்தாலும் எம்புள்ள நடந்தே போவட்டும்," என்றாள். மற்றவர்கள் ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அந்தச் சனியனை நாளைக்கே வித்துப்போடுங்க."

"வித்துர்றேன். அப்புறம்? காரை வித்துட்டா கை மறந்துருமா?"

அன்று ராத்திரி அவர் தூங்கவே இல்லை.

மறுநாள் டக்ளஸை வரச்சொல்லி அந்தச் சின்ன ஸ்டியரிங்கைக் கழற்றச் சொன்னார். காரோடு வந்த பழைய ஸ்டியரிங்கை மாட்டினான், நடுவில் ஹாரனோடு. காலிங்பெல் சுவிட்சைப் பிடுங்கினான். அந்த இடத்தில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது. "மூடி ஒண்ணு போட்டுடவாண்ணா?" என்றான்.

"வேண்டாம்டா, இருக்கட்டும்," என்றார் இவர்.

அதன்பின் தினமும் காலையில் காலி வேனை அதே நேரத்துக்கு அதே ரோட்டில் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல் வேலையெல்லாம் கிடப்பில் கிடந்தது. வேண்டுமென்றே வாயைக் கொடுத்துக்கொண்டே வருவேன், என் அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி, பக்கத்து வீட்டுக் கோழியைப் பற்றி. பேச்சுச் சுவாரசியத்தில் அவர் கை பிள்ளையாரிடம் போனால் பட்டென்று ஒரு அடி வைப்பேன். இருபது வருஷத்துக் கோபத்தையும் சேர்த்துத்தான் வைத்தேன். முதல் வாரம் அவர் புறங்கை சிவந்தே இருந்தது. போகப்போக அடி குறைந்தது.

நடுவில் ஒரு ஞாயிறு டிராக்குக்கும் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. எனக்கு இஷ்டமே இல்லை, கை அங்கேயும் பழைய பழக்கத்துக்கு வர வேண்டும் என்றார். முதல் வளைவில் பாம், பாம். இரண்டாவதிலும் அடித்தார். இடது ஓரத்தை விட்டு நகரவில்லை. கவர்ன்மென்ட் பஸ் வந்துவிட்டது என்று பையன்கள் கத்தினார்கள். இவரை எல்லாரும் முந்திக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு அந்த அலறல் சத்தம் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடந்து போகிற மகளோடு செல்வி தினமும் எங்கள் வளைவுவரை வருவாள். நாங்கள் காலி வேனில் கடக்கும்போது ஓரத்தில் ஒதுங்கி நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள், தலையாட்டுவதோடு சரி. ஆனால் ஹாரன் அடித்த பிறகுதான் நடப்பாள். அதை நான் கவனித்திருக்கிறேன்.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் போனார். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியேறி வந்து வளைவில் நின்றேன். செல்வியும் வர்ஷாவும் அங்கே நின்றிருந்தார்கள். பனியில் எதுவும் தெரியவில்லை. கீழிருந்து என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வந்தது.

பாம், பாம்.

வேன் இடது ஓரமாகவே திரும்பி வந்தது. செல்வி ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினாள். அவர் நிறுத்தினார். அவள் கதவைத் திறந்து மகளை உள்ளே ஏற்றினாள், பையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேன் கிளம்பியது.

இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். அடுத்த வளைவில் ஹாரன் கேட்டது. அதற்கடுத்ததில் கொஞ்சம் சன்னமாகக் கேட்டது. அதற்குமேல் கேட்கவில்லை. எட்டாத தூரம் போய்விட்டதா, அடிக்கவில்லையா என்று இங்கே நின்று எப்படித் தெரியும்?

"சாயந்திரம் வரைக்கும் இப்படியேதானாக்கா இருக்கும்?" என்றாள் செல்வி. கை நெஞ்சில் இருந்தது.

"ஆமா," என்றேன்.

"போகப்போகப் பழகிடுங்களா?"

"எனக்கு இன்னும் பழகல," என்று சொல்லி, அவளை டீ குடிக்கக் கீழே கூட்டிக்கொண்டு போனேன்.