மகனுக்கு எதிராக என் மூக்கு சொன்ன சாட்சி

போன வருஷம் ஆடி கழிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. காலை ஒன்பது மணி இருக்கும். திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ரோட்டில், போலீஸ்காரர்கள் இரும்புத் தடுப்பு போட்டு வண்டிகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல வீட்டில் ஒருத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் புத்தகத்தில் போட மாட்டார்கள் என்று அவளே திருத்திக்கொள்கிறாள். எழுத்துதான் வராதே தவிர நம்பர் எனக்கு நன்றாக வரும். பஸ் நம்பர் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

என் மகன் கல்பாக்கத்தில் வேன் ஓட்டுகிறான். அணுமின் பிளான்ட்டில் வேலை செய்பவர்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வர வேண்டும். நல்ல வேலைக்காரன். ஆனால் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் கால் சாராயக் கடைப் பக்கம் போய்விடும். என் மருமகள் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கூடுவாஞ்சேரியில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போடவில்லை. வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஒரு வருஷம் ஒரு சொட்டு தொடாம இருக்கட்டும். நானே வரேன். நடுவுல தொட்டா, எப்பவும் வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்றைக்கே அவன் விட்டுவிட்டான். நம்புவீர்களா? நான் நம்பவில்லை. அதனால் தினமும் அவன் வாசலுக்கு வந்ததும் வழியை மறித்துக்கொண்டு நிற்பேன். "ஹா சொல்லுடா" என்பேன். அவனும் வாயைத் திறந்து ஊதுவான். முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் இது வேடிக்கை. எதிர் வீட்டுக்காரி, "அக்கா, உன்ன செக்போஸ்ட்ல வேலைக்கு வச்சிக்கலாம்" என்பாள். எனக்குப் பெருமையாகக்கூட இருக்கும்.

அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும். பேத்தியின் சின்னச் சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் நின்றது. வாரா வாரம் தேங்காய் எண்ணெய் போட்டு அதன் துருவைத் துடைப்பேன். ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்கு எதற்கு எண்ணெய் என்று என்னையே திட்டிக்கொள்வேன். பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்குமே, நமக்காக நிற்குமா? பொங்கலுக்கு ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, மகனைக் கூப்பிட்டு அதன் சீட்டை ஏற்றி வைக்கச் சொன்னேன். "எவ்ளோ ஏத்தறது?" என்று கேட்டான். எவ்வளவு என்று நான் கண்டேனா? என் இடுப்பில் கையை வைத்து, இவ்வளவு இருப்பாள் என்று காட்டினேன். அவன் ஸ்பேனரைத் திருகினான்.

ஒரு வருஷம் ஆடியிலேயே முடிந்துவிட்டது. ஆடியில் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று மருமகளின் அம்மா வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடைசி மாதம்தான் பன்னிரண்டு மாதத்தைவிட நீளம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் ஒரு நண்பனின் காரை வாங்கிக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி மூன்று முறை தலை வாரினான். திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி மருமகளுக்கு மல்லிப்பூவும் பேத்திக்கு ஜாங்கிரியும் வாங்கினோம். வண்டியில் ஏறியதும் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"யம்மா, வயித்த இறுக்கிப் புடிக்குது. நெஞ்செல்லாம் எரியுது."

"பயம்டா நைனா. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, என் ஒயர்க் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். எனக்கு வாயுத்தொல்லை உண்டு. நாட்டுமருந்துக் கடையில் கொடுத்த அரிஷ்டம் அது. பச்சை நிறத்தில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்தே வாங்குவேன். கடைக்காரர் இரண்டு மூடி குடிக்கச் சொல்லியிருந்தார். பெற்ற பிள்ளைக்கு மூடியில் அளந்தா ஊற்றுவேன்? கால் டம்ளர் ஊற்றினேன். குடித்துவிட்டு வண்டியை எடுத்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அந்தத் தடுப்பு வந்தது.

மாமல்லபுரம் பக்கம் சனிக்கிழமை வந்து கூத்தடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள் ஞாயிறு காலையில் தாறுமாறாக ஓட்டுகிறார்களாம். அதற்காகச் சோதனை. எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். மகனிடம் மிஷினை நீட்டி ஊதச் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே ஊதினான். தினமும் ஊதுகிறவன்தானே!

மிஷின் கத்தியது. துண்டுக் காகிதம் ஒன்று வெளியே வந்தது.

"இன்னாயா, காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்ட? அறுபத்திரண்டு காட்டுது."

"சார், நான் குடிக்கறதே இல்ல சார். ஒரு வருஷம் ஆவுது."

"எல்லாரும் இதத்தான் சொல்றான். எறங்கு."

இந்த இடத்தில் ஒரு தாய் என்ன செய்திருக்க வேண்டும்? என் பிள்ளை குடிக்கவில்லை என்று நடு ரோட்டில் நின்று கத்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியிலிருந்து இறங்கி ஓடிப்போய் அவன் சட்டைக் காலரைப் பிடித்தேன்.

"பாவி, இன்னிக்குமாடா? இன்னிக்குப் போயாடா? ஹா சொல்லு!"

அவன் என்னையே பார்த்தான். பிறகு, தினமும் போல வாயைத் திறந்து ஊதினான். புளித்த வெல்லம் மாதிரி ஒரு நெடி வந்தது. "வாசன அடிக்குதே! அய்யோ, வாசன அடிக்குதே!" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"பாத்தியா? உங்கம்மாவே சொல்றாங்க" என்றார் எஸ்.ஐ.

நானே ஊற்றிக் கொடுத்த மருந்தின் நெடி அது. தினமும் நான் குடிக்கிற மருந்து. அது எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு வருஷமாகத் தினமும் ஒரே நெடியைத் தேடிய மூக்கு, கடைசியில் அகப்பட்டதென்று பாய்ந்துவிட்டது. என் மகன் என் பக்கம் திரும்பவில்லை. போலீஸ்காரரிடம் மட்டும் சொன்னான். "சார், மிஷினு தப்பா சொல்லுது. என்ன பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போங்க. ரத்தம் எடுங்க. அதுல வந்தா ஜெயில்ல போடுங்க."

நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். மல்லிப்பூ கார் சீட்டில் கிடந்தது. கூடுவாஞ்சேரிக்கு இனி எந்த முகத்தோடு போவது? அந்தச் சைக்கிளை யாருக்குத் துடைப்பது? அழுது அழுது நெஞ்சை அடைத்தது. பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினேன். பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆயா அது?"

"வாயு மருந்தும்மா."

அவர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார். "ஆயா, இதுல ஆல்கஹால் கீதுன்னு பொடி எழுத்துல போட்டுகீது. உம் புள்ளைக்கும் குடுத்தியா?"

"வயித்த வலின்னான். கால் டம்ளர் குடுத்தேன். இப்பதாம்மா, இங்க வர்றதுக்கு முன்னாடி."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தப் பெண் எஸ்.ஐ.யிடம் ஓடினார். அப்போதுதான் குடித்தது வாயிலேயே தங்கியிருக்குமாம், மிஷினுக்கு வாயில் இருப்பதா வயிற்றில் இருப்பதா என்று தெரியாதாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்லலாம் என்றார். எஸ்.ஐ. பாட்டிலை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டார். "சரி, உக்காரு" என்றார்.

அந்தக் கால் மணி நேரத்தில்தான் மகனின் போன் அடித்தது. மருமகள்! நான் எடுக்காதே என்று கையை ஆட்டினேன். அவன் முதல் ரிங்கிலேயே எடுத்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க வந்துக்கினு கீற? கொயந்த வாசல்லயே நிக்குது."

"போலீஸ் புடிச்சிட்டாங்க. மிஷின்ல ஊதனேன். குடிச்சிருக்கேன்னு வந்திச்சி."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவள் குரல் வந்தது.

"நீ குடிக்கல."

"உனக்கு எப்டி தெரியும்?"

"குடிச்சா நீ போன எடுக்க மாட்டியே. ஆஃப் பண்ணி வச்சிடுவ. இப்ப மொத ரிங்குலயே எடுத்துட்ட. எந்த எடம் சொல்லு."

நான் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை ஊதியபோது ஏழு வந்தது. பூஜ்யம் வரவில்லையே என்று நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். முப்பதைத் தாண்டினால்தான் தப்பு என்று அந்தப் பெண் போலீஸ் சொல்லிச் சிரித்தார். ஆனால் முதல் ஊதல் மிஷினில் பதிவாகிவிட்டதாம், அதை அழிக்க முடியாதாம். ரத்தம் கொடுத்துவிட்டால் இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவதாக எஸ்.ஐ. சொன்னார். குடித்தவன் என்று பிடித்தவனையே கார் ஓட்டச் சொல்லி, பெண் போலீஸ் எங்களோடு ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஜாங்கிரி வாசனை. "ஒண்ணு எடுத்துக்கோம்மா" என்றேன். "டூட்டில கீறேன் ஆயா" என்றார். பிறகு ஒன்று எடுத்துக்கொண்டார்.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனை நேர்க்கோட்டில் நடக்கவிட்டு, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, ரத்தம் எடுத்தார். போதை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ரத்த ரிப்போர்ட் பிறகு வந்தது, அதிலும் கேஸ் போட ஒன்றுமில்லை. அதற்குள் எனக்கு அது தேவைப்படவில்லை. ஏனென்றால், ரத்தம் கொடுத்துவிட்டுக் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, மகன் போனில் சொன்ன ஆஸ்பத்திரிக்கே ரயிலைப் பிடித்து மருமகள் வந்து நின்றாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பேத்தி. என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேனே, அந்த உயரம் இல்லை. என் நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிள் சீட்டை இன்னும் ஏற்றினோம். அதற்கு மேல் ஏறாது என்கிற வரைக்கும் ஏற்றியும் பத்தவில்லை. புதுச் சைக்கிள்தான் வாங்க வேண்டும் என்று எல்லோரும் சிரித்தோம்.

இப்போதும் அவன் சாயங்காலம் வந்ததும், "யம்மா, ஊதட்டா?" என்று வாசலில் நின்று கேட்பான். விளையாட்டுக்குத்தான். "போடா" என்று நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அன்றைக்கு ரோட்டில் என்னையே பார்த்தானே, அதைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

எழுதிக்கொண்டிருந்த மருமகள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். "அத்த, வாசன அடிக்குதுன்னு நீ கத்தனத எடுத்துடட்டா?"

"இருக்கட்டும்டி, எழுது" என்றேன்.

அவனை நம்ப அவளுக்கு ஒரு ரிங் போதுமாக இருந்தது. பத்து மாதம் சுமந்த நான் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அன்றைக்கு விழுங்கியிருக்கக் கூடாதா என்று, வீடு நிறைந்து கிடக்கிற இந்தச் சந்தோஷத்தின் நடுவிலும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.