கீறல் விழாத தரை

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் அறைக்குப் புதுத் தரை போட்டிருந்தார்கள். கழற்றி வைத்த ரேடியேட்டரைத் திரும்ப மாட்ட நாங்கள் நாலு பேர் போனோம். அங்கேதான் அந்த சேஃப்டி ஆபீசரைப் பார்த்தேன். மடிப்புக் கலையாத சட்டை, கையில் வெள்ளைக் கர்சீப். யார் நடந்தாலும் பின்னாலேயே குனிந்து தரையைத் துடைப்பார்.

“சேஃப்டி ஷூவ வெளிய கழட்டுங்கப்பா. தரை கீறிடும்.”

“இன்னா சார், அந்த இரும்பு கால்ல வுழுந்தா?”

“வுழாம தூக்கு.”

“தரைக்குப் பொட்டு வெச்சி கும்புட்டுட்டு வரட்டா சார்?” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வெறுங்காலோடு தூக்கினோம். ஸ்டாண்டில் ஏற்றும்போது ரேடியேட்டர் நழுவி, திருநெல்வேலிக்கார முருகேசனின் கால் கட்டைவிரல்மேல் இறங்கியது.

“ஏலே, தூக்குங்கலே!” என்று அலறினான்.

தூக்கினோம். ஆபீசர் ஓடி வந்து மண்டியிட்டார். பரவாயில்லை, மனுஷன்தான் என்று நினைத்தேன். அவர் முருகேசனின் காலை ஓரமாக நகர்த்திவிட்டு, தரையில் கிடந்த ரத்தத்தைக் கர்சீப்பால் துடைத்தார்.

“நல்லவேளை, கீறல் இல்ல.”

பிறகு எல்லோரையும் வெளியே கூட்டிப்போய், ஷூ போடச் சொல்லி, சேஃப்டி ரிப்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தார். முருகேசனுக்கு ஷூ நுழையவில்லை. அவனைப் பின்னால் நிற்க வைத்தார்.

அந்தக் கர்சீப்பை வீட்டில் துவைக்கப் போட்டபோது என்ன சொல்லியிருப்பார் என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.