என்னிடம் ஒரு குறை சொல்லுங்கள்

கணினித் துறையில் வேலை என்றால் கண்டியில் எங்கள் மஹய்யாவ பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பிரிண்டர் திருத்துகிறவன். பதினொரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன், நான் பிரிண்டர் திருத்துவதில்லை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைப் பாவித்துப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. டெஸ்டர் என்பார்கள். பிழை பிடிக்கத்தான் சம்பளம் என்று கல்யாணத்துக்கு முன்பு என் மாமியாரிடம் விளக்கினேன். "அதுக்கெல்லாமா ஆள் எடுக்குறாங்க?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். அவர் அந்த வேலையை இலவசமாகவே செய்கிறவர்.

எங்கள் அலுவலகம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, டைல்ஸ் கடை ஒன்றுக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருக்கிறது. பன்னிரண்டு பேர். முதலாளிமார் ஐரோப்பாவில், எச்.ஆர். கொழும்பில். வேலை இங்கே நடக்கும். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற புத்தி மட்டும் ஈமெயிலில் வரும். உங்கள் அலுவலகத்துக்கும் வந்திருக்கும். பட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டியதுதானே!

சேர் கிடையாது

முதலில் வந்த புத்தி இது: இனி யாரும் யாரையும் சேர், மெடம் என்று அழைக்கக் கூடாது. எல்லோரும் சமம், பெயர் மட்டும் போதும். எங்களில் அதிகம் கஷ்டப்பட்டவன் ரிஸ்வான். பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது, கோட் எழுதுவதில் கெட்டிக்காரன். "சேர விடச் சொன்னா விடுவன். ஆனா ஒங்கள வெறும் செல்வான்னு கூப்பிட்டது வாப்பாக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாரு" என்றான். ஆகவே நான் செல்வா நானா ஆனேன். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வெளிநாட்டிலிருந்து எங்கள் மனேஜர் எரிக் வீடியோவில் வந்த அன்று, ரிஸ்வான் பழக்க தோஷத்தில் "குட் மோர்னிங் எரிக் நானா" என்றுவிட்டான். எரிக் சந்தோஷமாகக் கையசைத்தார். மறுநாள் அவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது: "இலங்கையில் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் நானா பதவி தரப்பட்டிருக்கிறதா, அல்லது எச்.ஆருக்கும் உண்டா?"

கேட்கக் கூடாதவை

அடுத்தது, மனம் புண்படாமல் பேசுவது எப்படி என்று இரண்டு மணி நேரப் பயிற்சி. சக ஊழியரிடம் ஊர் கேட்கக் கூடாது. வயது, மதம், கல்யாணம், பிள்ளை, சம்பளம் கேட்கக் கூடாது. மெலிந்துவிட்டீர்களே என்று அக்கறையாகக்கூடச் சொல்லக் கூடாது. கண்டியில் பஸ் ஏறினால் பேராதனை வருவதற்குள் பக்கத்து சீட்காரர் இவ்வளவையும் கேட்டு முடித்து, தங்கச்சிக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிடுவார். நான் கையை உயர்த்தி, அப்படியென்றால் எதைத்தான் பேசுவது என்று கேட்டேன். காலநிலை பற்றிப் பேசலாம் என்றார்கள்.

அன்று தேநீர் நேரத்தில் பன்னிரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். மழைக்கு மனம் புண்படாது. எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும் பத்மா அக்கா, யார் வீட்டில் சாவு என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். விஷயத்தைச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவனிடம் நேராகப் போய் ஒரே மூச்சில் ஊர், வயது, கூடப்பிறந்தவர்கள் என்று எல்லாம் கேட்டு, அவனும் மகிழ்ச்சியாகப் பதில் சொன்ன பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். நான் ஒரு வாரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த வார்த்தை அது: "யாரு எவருன்னே தெரியாமயா எல்லாரும் ஒரே கக்கூஸுக்குப் போறீங்க?"

மகளின் கருத்துக்கு நன்றி

கட்டளையிடாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்று இன்னொரு பயிற்சியில் சொன்னார்கள். அலுவலகத்தில் யாருக்கும் நான் கட்டளையிடுவதில்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். வீட்டில் முயன்று பார்த்தேன். மகள் டெனிஷா ஐந்தாம் ஆண்டு. புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. அந்தப் பரீட்சை இருக்கும் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிள்ளை ஒருத்தி எழுத, குடும்பம் மொத்தமும் தோற்கும்.

அவள் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, "இந்த மாதிரி வினாத்தாளச் செய்யிறதப் பத்தி நீ என்ன நெனக்கிற?" என்று கேட்டேன். அவள் உண்மையாகவே யோசித்தாள். "செய்யாம விட்டா நல்லாருக்கும்னு நெனக்கிறேன். கேட்டதுக்குத் தேங்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடி விளையாடப் போய்விட்டாள். என் மனைவி ரோஸ்லின் கணக்கு ஆசிரியை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கேள்வி கேக்குறதுன்னா பதில் புத்தகத்துல இருக்குற கேள்வியாக் கேளுங்க!"

ஐந்துக்கு ஐந்து

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஆறு பேர் அணிக்குத் தலைவர் பதவி காலியானது. எனக்குக் கிடைக்கும் என்று நான் உட்பட எல்லோரும் நம்பினோம். கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து யாரையாவது எங்கள் தலைக்கு மேலே வைப்பார்கள். பதினொரு வருடம் ஏறி இறங்கிய மாடிப்படி. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஒரேயொரு சடங்கு பாக்கி இருந்தது. என்னோடு வேலை செய்யும் ஐந்து பேரும், தங்கள் பெயர் போடாமல், என்னைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

நிரப்பினார்கள். எல்லாக் கேள்விக்கும் ஐந்துக்கு ஐந்து. "திருத்திக்கொள்ள வேண்டியவை" என்ற இடத்தில் ஐந்து பேரும் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார்கள். மூத்தவனைப் பற்றிக் காகிதத்தில் குறை எழுதுவதா? எங்கள் பிள்ளைகளின் வளர்ப்பு அப்படி. நான் இனிப்பு வாங்கக்கூட யோசித்துவிட்டேன். எச்.ஆர். ஷெனாலி கொழும்பிலிருந்து அழைத்தார். குரலில் வாழ்த்து இல்லை, கவலை இருந்தது. இப்படி முழுப் புள்ளி வந்தால் அதற்கு அவர்கள் புத்தகத்தில் வேறு அர்த்தமாம். "உங்கள் அணி உங்களுக்குப் பயப்படுகிறதா, செல்வா?"

குறை கேட்டு அலைந்தது

மறுபடி படிவம் அனுப்புவார்கள், ஒரு மாதத்தில் முடிவு. குறை ஒன்றாவது வராவிட்டால் பதவி போய்விடும். நான் ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றேன். தயவுசெய்து என்னிடம் ஒரு குறை கண்டுபிடியுங்கள், உண்மையான குறையாக இருக்கட்டும் என்று கெஞ்சினேன். வெட்கக்கேடுதான். வீட்டில் சொன்னபோது ரோஸ்லின் ஒரு பட்டியலே தந்தார், ஆனால் மனைவிமாருக்குப் படிவம் அனுப்பும் வழக்கம் கொம்பனியில் இல்லை.

ரிஸ்வான் மூன்று நாள் யோசித்தான். கடைசியில் முகம் மலர்ந்து வந்து, "அவர் அதிகமாக உழைக்கிறார்" என்று எழுதலாமா என்று கேட்டான். அது குறையில்லை என்றேன். "மிகவும் அன்பானவர்?" அதுவும் இல்லை. பையன் கண் கலங்கிப் போனான். "நானா, ஒங்களுக்கு இந்த வேல கெடைக்கணும்னு துஆ கேக்கச் செல்லுங்க, ஐஞ்சு நேரமும் கேக்குறன். கெட்டது மட்டும் எழுதச் செல்லாதீங்க."

வந்தது

வந்தது. ஐந்தில் நான்கு பழையபடி "ஒன்றுமில்லை". ஐந்தாவதில் மூன்று வரி: "அவர் நல்லவர், வேலை சொல்லித் தருவார். ஆனால் என்னை ஒரு பட்டப்பெயரால் அழைப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், எனக்கு அது பிடிக்கவில்லை."

உங்களிடம் இதுவரை மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அணியில் கௌரி என்றொரு பெண். யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்க வந்து, இங்கேயே வேலையில் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கியிருப்பவள். மூன்று வருடமாக அவளை நான் பனங்கொட்டை என்றுதான் கூப்பிட்டேன். "என்ன பனங்கொட்டை, பஸ் கெடச்சுதா?" என்பேன். யாழ்ப்பாணத்து ஆட்களை எங்கள் பக்கத்தில் அப்படிக் கேலி செய்வது வழக்கம். பாசத்தில்தான் சொன்னேன். அவளும் சிரிப்பாள். மனம் புண்படாமல் பேசும் பயிற்சியில் கையை உயர்த்திக் கேள்வி கேட்ட அதே வாய்தான் இது.

எனக்கு முதலில் வந்தது கோபம். இதுகூடத் தாங்காதா என்று. வீட்டுக்குப் போய் ரோஸ்லினிடம் பொரிந்து தள்ளினேன். என் அப்பா, அம்மா தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துப் பிழைத்தவர்கள். உயர்தரம் படிக்கக் கண்டிக்கு வந்தபோது வகுப்பில் எனக்கு வைத்த பெயர் தோட்டக்காட்டான். இரண்டு வருடமும் அந்தப் பெயர்தான். நான் என்ன எச்.ஆருக்கா எழுதினேன், அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்க்கவில்லையா என்றேன். ரோஸ்லின் திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளிலிருந்து தலையை எடுத்தார். "நீங்க சிரிச்சதும் அவனுங்க நிறுத்திட்டானுங்களா?"

யாரென்று தெரியாமல் மன்னிப்பு

அவர்கள் நிறுத்தவில்லை. கடைசிப் பரீட்சை நாள் வரை கூப்பிட்டார்கள். நான் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தது இருபது வருடம் கழித்து ஞாபகம் வந்தது. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது, கௌரியை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

மறுநாளே மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எழுதியது யார் என்று தேடுவதோ, தெரிந்ததுபோல் காட்டுவதோ பெரிய குற்றம் என்று படிவத்தின் அடியிலேயே போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான், ஆனாலும் எனக்குத் தெரியாது. எனவே காலைக் கூட்டத்தில் ஐந்து பேருக்கும் பொதுவாகச் சொன்னேன்: பட்டப்பெயர் சொல்லி நான் கூப்பிட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், இனிக் கூப்பிட மாட்டேன். கௌரி தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஸ்வான்தான் பதறிப்போய் எழுந்தான். "என்னய என்ன பேர் செல்லி கூப்பிட்டீங்க நானா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

முடிவு

ஷெனாலி மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் வாழ்த்து இருந்தது. ஒருவர் துணிந்து உண்மை எழுதியிருக்கிறார், ஆகவே உங்கள் அணியில் யாரும் பயப்படவில்லை என்று மேலே அனுப்பிவிடலாம், சரிதானே என்றார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், பதவி என் கையில். சொல்ல வாயைத் திறந்தேன். அந்த மூன்று வருடம் குறுக்கே நின்றது. பயந்துதான் இருந்திருக்கிறார்கள், நான் போய்க் கெஞ்சியதால்தான் எழுதினார்கள் என்று சொல்லிவிட்டேன். ஷெனாலி நீண்ட நேரம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். அதுவரை கொழும்பிலிருந்து ஒருவர் தினமும் காலையில் வீடியோவில் தோன்றி எங்களுக்குத் தலைமை தாங்குகிறார். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பதவி தள்ளிப்போனதாக ஈமெயில் எல்லோருக்கும் போன அன்று மாலை, கௌரி குடையோடு மாடிப்படியில் நின்றாள். "அண்ணா, அதை எழுதினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். தெரியாது என்றேன், சட்டம் அப்படி. "ஓம், தெரியாட்டில் நல்லதுதான்" என்று இரண்டு படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "ஆறு மாசத்துக்குள்ள வேற ஏதாவது பிழை விட்டு வையுங்கோ அண்ணா, இல்லாட்டில் பேந்து நாங்கள் என்னத்தை எழுதுறது?"

பதினொரு வருடம் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கிய நான் பிந்திக் கற்றுக்கொண்டது, எதிரே இருப்பவர் சிரித்துவிட்டார் என்பதற்காகச் சோதனை பாஸ் என்று எழுதி வைக்கக் கூடாது என்பதைத்தான்.